அடுத்த வீட்டுக் குறை

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் எதையெதையோ விசாரிக்கிறார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, முன்பணம் எத்தனை மாதத்துக்கு, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்டாலும் வீட்டுக்காரர் என்ன சொல்லிவிடப் போகிறார்? "நல்ல மனிதர்கள்" என்பார். பால் காய்ச்சிக் குடிபோய், சாமான் மூட்டைகளை முழுவதும் பிரித்து அடுக்குவதற்குள் அந்த நல்ல மனிதர்களிடமிருந்து முதல் குறை வந்து சேர்ந்துவிடுகிறது.

குழந்தைகள் ஓடும் சத்தம் கீழே கேட்கிறதாம். துணி உலர்த்தும் கொடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். வண்டியை நிறுத்திய இடம் சரியில்லையாம். குறைகள் சிறியவைதாம், அவை உண்டாக்கும் கலக்கம் சிறியதன்று. சொந்த வீட்டில் இருப்பவருக்கு அடுத்த வீட்டார் சொல்லும் குறை ஒரு தொந்தரவு. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அதுவே ஓர் அச்சம். மறுபடியும் வீடு தேட வேண்டுமோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டுமோ என்று அவர் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. இந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அக்கம் பக்கத்தில் குடியிருப்போருக்குத் தொல்லையாக நடந்துகொள்வதையும் குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. அதன் இடத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் மாறினாலும் பழைய அச்சம் இன்னும் மாறவில்லை.

இந்த நிலையில் குறை சொல்லப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்? பெரியவர்களைக் கேட்டால் "அனுசரித்துப் போ" என்பார்கள். இளையவர்களைக் கேட்டால் "வாடகை கொடுக்கிறோம், யாருக்கும் பயப்பட வேண்டாம்" என்பார்கள். இரண்டும் எதிரெதிரான அறிவுரைகள்போல் தோன்றுகின்றன. எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே குறைபாடுதான். என்ன குறை சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

சட்டத்திடம் போய்க் கேட்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்திலும் விடை இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு என்று அந்த விதிகள் கணக்கிடுகின்றன. தூக்கம் அந்தக் கணக்குப்படி வருவதில்லை என்பதுதான் தொல்லை.

அடுத்த வீட்டு வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1879ஆம் ஆண்டு இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கு. லண்டனில் இனிப்புப் பண்டம் செய்யும் ஒருவர், தம் சமையற்கட்டில் இரண்டு பெரிய உரல்கள் வைத்து இடித்துக்கொண்டிருந்தார். ஓர் உரல் 60 ஆண்டுகளுக்கு மேலாகவும், மற்றோர் உரல் 26 ஆண்டுகளுக்கு மேலாகவும் அதே இடத்தில் இருந்தன. பின்பக்கத்து வீட்டுக்கு ஒரு வைத்தியர் குடிவந்தார். எட்டு ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு அவர் தம் தோட்டத்தின் கோடியில், சமையற்கட்டுச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்ப்பதற்கு ஓர் அறை கட்டினார். நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்துக் காது கொடுத்தால் உரல் சத்தம்தான் கேட்கிறது. வைத்தியர் வழக்குப் போட்டார், வென்றார்.

இதைப் படித்தால், "பிறகு வந்தவர் முன்பே இருந்தவரை நிறுத்தச் சொல்வதாவது!" என்றுதான் முதலில் தோன்றுகிறது. நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. அந்த அறை எழும்பும் வரையில் சத்தம் யாரையும் வருத்தவில்லை. ஆகவே தடுக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. தடுக்க ஆள் இல்லாத காலத்தில் இடித்ததைக் கொண்டு ஓர் உரிமை பிறந்துவிடாது என்றது. முதலில் வந்தேன், வெகுகாலமாக இருக்கிறேன் என்பதை மட்டும் வைத்து அறம் பேச முடியாது என்பதுதான் இதன் சாரம். புதிதாகக் குடிவந்தவரைப் பார்த்து "நாங்கள் இருபது வருஷமாக இங்கே இருக்கிறோம்" என்று தொடங்குகிற பழையவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ரொனால்டு கோஸ் என்ற பொருளியல் அறிஞர் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வழக்கை எடுத்து ஆராய்ந்தார். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டிய உண்மை எளிமையானது. உரல் வைத்தியரை வருத்தியது மெய்தான்; உரலை நிறுத்தினால் இனிப்புக் கடைக்காரர் வருந்துவதும் மெய்தான். தொல்லை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. இரண்டு வாழ்க்கைகள் ஒரு சுவரை ஒட்டி அமைந்ததால் பிறக்கிறது. அவர் இதைப் பணக் கணக்காகப் பார்த்தார். நம் வீடுகளில் பணத்துக்கு இடமில்லை. நாம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கக் கூடியவை நேரமும் பொறுமையுந்தான்.

எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் புதிதாகக் குடியேறினார்கள். இருவரும் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்குக் கிரைண்டரில் மாவு அரைப்பார்கள். இரண்டாவது வாரம் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. கீழ்வீட்டிலிருந்து குறை சொல்கிறார்களாம்.

"பத்து மணி வரைக்கும் சட்டமே இடம் கொடுக்கிறது சார். அவங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா நேரே வந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று அந்தப் பிள்ளை என்னிடம் கொதித்தான். அவன் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கீழே போனாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. "எந்த நேரத்தில் அரைத்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காதம்மா?" என்று கேட்டாள்.

அந்த வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். மாத்திரை போட்டு ஒன்பது மணிக்குக் கண்ணயர்கிறார். இடையில் எழுந்துவிட்டால் விடியும்வரை தூக்கமில்லை. அவருக்கும் இல்லை, பக்கத்தில் இருக்கும் அந்த அம்மாளுக்கும் இல்லை. மாடியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. எட்டு மணிக்குத்தான் மாடியில் விளக்கு எரிகிறது, அதற்கு முன் அரைக்க ஆள் இல்லை என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் வாரத்துக்கு வேண்டிய மாவை அரைத்து வைப்பது என்று ஆயிற்று. கிரைண்டருக்கு அடியில் கனமான மிதியடி ஒன்றும் போட்டார்கள்.

இதோடு அவர்கள் உறவினர்களைப்போல் ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் இன்னொரு குறையோடு வந்தார். பூந்தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் கீழே வழிகிறது என்று. ஆனால் இந்தத் தடவை வீட்டுக்காரருக்குப் போன் போகவில்லை. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி அவரே வந்து சொன்னார். "அவங்களே வந்து சொன்னாங்க சார்" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையின் பொருளை நாம் உணர வேண்டும். அடுத்த வீட்டாரைப் பற்றி வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வதும், இந்நாளில் குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்திருக்கும் வாட்ஸப் குழுவில் பெயர் குறிக்காமல் எழுதிவிடுவதும் ஒரே வகையைச் சேர்ந்தவை. "உன்னோடு பேச வேண்டியதில்லை, உன்னை அடக்குபவரிடம் பேசிக்கொள்கிறேன்" என்பதுதான் அவற்றின் உட்பொருள். சொல்கிறவர்கள் அப்படி நினைக்காமல் இருக்கலாம். முன்பின் தெரியாத இளைஞனிடம் போய்ச் சண்டையில் மாட்டிக்கொள்வானேன் என்று ஒரு வயதான அம்மாள் அஞ்சுவது இயல்புதான். கேட்பவர் மனத்தில் பதிவதோ அவமானம். நேரே வந்து கதவைத் தட்டிக் குறை சொல்பவர் நம்மைப் பேசத் தக்க மனிதராக மதிக்கிறார். அவருடைய குரல் கடுமையாக இருந்தாலும் அந்த மதிப்பை நாம் மறந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமான பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

என் நண்பரின் மகன் வேலையின் பொருட்டுச் சென்னையில் தனியாக ஒரு வீடு எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வறுப்பான். சைவம்தான் சமைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நிபந்தனை ஒன்றும் போடவில்லை. வாசனை தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து குறை வந்தது. அவன் சமையலறை ஜன்னலைச் சாத்தினான். தன் செலவில் புகை போக்கும் விசிறி ஒன்றைத் தெருப்பக்கமாகப் பொருத்தினான். குறை நிற்கவில்லை. ஒரு வாரம் அவன் ஊருக்குப் போயிருந்தான். வீடு பூட்டிக் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாற்றம் வந்ததாக வீட்டுக்காரருக்குத் தகவல் போயிற்று!

வீட்டுக்காரர் அவனிடம், "எனக்கு ஒண்ணும் இல்லை தம்பி, பக்கத்தில் சொல்றாங்க" என்றார். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. சாதி என்ற சொல்லை யாரும் வாயில் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"நான் மீன் சமைப்பதை நிறுத்தியிருக்க வேண்டுமா, மாமா?" என்று அவன் கேட்டான். வேண்டியதில்லை என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு யோசித்தேன். கீழ்வீட்டு அம்மாளின் குறைக்கு இணங்கியது சரி என்றால், இந்தக் குறைக்கு இணங்குவது மட்டும் ஏன் சரியில்லை?

ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கிறது. இந்தக் குறை தீர வேண்டுமானால் நான் எதை மாற்ற வேண்டும்? நேரத்தை, இடத்தை, அளவை மாற்றினால் தீரும் என்றால், அது நம் செயலைப் பற்றிய குறை. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் அங்கே விட்டுக்கொடுக்கலாம். அதனால் நம் கௌரவம் குறைந்துவிடாது. நேரத்தையும் இடத்தையும் மாற்றிய பிறகும் குறை அப்படியே நிற்கிறது, நாம் நாமாக இருப்பதை விட்டால்தான் தீரும் என்றால், அது குறையே அன்று. வெறுப்பு குறையின் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அங்கே அனுசரித்துப் போவது பொறுமை ஆகாது. அடுத்தபடி அங்கே குடிவருகிறவனுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவதாகவே முடியும்.

இந்தச் சோதனையில் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் மாற்றிப் பார்த்தவருக்குத்தான் இதைச் சொல்லும் தகுதி வரும். ஜன்னலைச் சாத்தாமலே, விசிறி வைக்காமலே, "இது வெறுப்பு" என்று முதல் நாளே முடிவு கட்டுகிறவர், மெய்யாகவே தலைவலியால் வருந்தும் ஒருவரையும் பகைவராக்கிவிடுவார். அந்த இளைஞன் தன் பங்கைச் செய்துவிட்டு நின்றான். ஆகவேதான் அவன் பக்கம் நியாயம் இருந்தது.

இடையில் நிற்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்பதைப்போல் பொறுப்பற்ற வாக்கியம் வேறில்லை. முடிவு செய்யும் அதிகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, முடிவின் பழியை அடுத்த வீட்டின்மேல் போடுகிறார் அவர். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து விசாரிக்க அவருக்கு அரைமணி நேரம் போதும்.

குறை சொல்லப் போகிறவரும் படி ஏறுமுன் இதே கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்பதை அவரால் செய்ய முடியுமா? பல் முளைக்கும் குழந்தை இரவில் அழுகிறது. முதியவர் ஒருவர் விடியற்காலையில் இருமுகிறார். இவற்றைச் சொல்லி என்ன பயன்? யாரும் மாற்ற முடியாததைக் குறையாகச் சொன்னால், ஏற்கெனவே தூக்கமிழந்திருக்கும் ஒரு தாயைக் குற்றவாளியாகவும் ஆக்கிவிடுகிறோம்.

வள்ளுவர் கண்ணோட்டத்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அது 58ஆவது அதிகாரம். இரக்கத்தைப் பற்றிய அந்த அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்திருக்கிறார். எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. அதிகாரம் உள்ள இடத்தில்தான் கண்ணோட்டம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. ஒருவரை வீட்டைவிட்டே கிளப்பிவிடக் கூடிய ஒரு சொல்லைக் கையில் வைத்திருக்கும் அண்டை வீட்டாரும் அந்த அளவில் ஓர் அரசரே.

பழைய ஒண்டுக்குடித்தன நாட்களில் இந்தச் சச்சரவுகளே இல்லை என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே குழாய்க்கு ஆறு குடித்தனங்கள் காத்து நின்ற முற்றத்தில் குறை இல்லாத நாளே இருந்திருக்காது. ஆனால் காலையில் குறை சொன்னவரின் முகத்தை மாலையில் அதே முற்றத்தில் பார்த்தாக வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல்லை மனிதர்கள் சற்று நிறுத்துத்தான் சொல்கிறார்கள். இன்றைய வீடுகள் நம்மை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்துவிட்டன. இனி அந்தப் படிகளை நாமாகவே விரும்பித்தான் ஏறி இறங்க வேண்டும்.