கூண்டுக் கிளியும் நம் கைச்சோறும்



சென்ற மாதம் நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்து. நெய்ச்சோறும் கறியும் பரிமாறினார்கள். கூடத்து மூலையில் ஒரு கூண்டு; அதில் ஒரு பச்சைக்கிளி. உண்டு எழுந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி சோற்றை அள்ளிக்கொண்டு கூண்டை நோக்கி ஓடினார்கள். "வேண்டாம் கண்ணுகளா, அதற்குக் கொடுக்காதீர்கள்" என்று நான் தடுத்தேன். பிள்ளைகள் திகைத்து நின்றனர். நண்பரின் முகமும் சற்று வாடிவிட்டது. "என்ன காக்கா இது? நாம் தின்பதைத்தானே அதற்கும் கொடுக்கிறோம். அன்பாகக் கொடுப்பதைத் தடுக்கலாமா?" என்றார்.

விருந்துக்குப் போன இடத்தில் வாதம் செய்வது அழகல்ல என்று வாயை மூடிக்கொண்டேன். ஆயினும் அந்தக் கேள்வி வீடு வரையிலும் என்னோடு கூடவே வந்தது. அன்பாகக் கொடுத்தது தீங்காக முடிந்தால், கொடுத்தவன்மேல் குற்றம் உண்டா? "எனக்குத் தெரியாது" என்ற சொல் அவனைக் காப்பாற்றுமா?

இந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. 1961-ஆம் ஆண்டில் நாங்கள் பினாங்கில் ஒரு கம்பத்து வீட்டில் குடியிருந்தோம். எனக்கு அப்போது வயது 9. ரஜூலா கப்பலில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வாப்பாவுக்கு ஒரு பச்சைக்கிளியைக் கொடுத்திருந்தார். அதற்குத் தீனி வைப்பது என் வேலை. ஒருநாள் இரவு உம்மா ஆக்கிய தேங்காய்ச்சோறு சட்டியில் மிஞ்சிக் கிடந்தது. மறுநாள் காலையில் அதில் ஒரு கை நிறைய எடுத்துச் சிரட்டையில் போட்டு, கூண்டுக்குள் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். எனக்கு மிகவும் பிடித்த சோறு அது. என் பங்கிலிருந்துதான் கொடுத்தேன். பகலெல்லாம் அந்தச் சிரட்டை கூண்டிலேயே இருந்தது. மாலையில் வந்து பார்க்கையில் கிளி இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கூண்டின் தரையில் ஒதுங்கிக் கிடந்தது. சுபுஹுக்கு எழுந்தபோது அதற்கு உயிரில்லை. வாப்பா அதை ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தார். "அதற்கு ஆயுள் அவ்வளவுதான்" என்றார் உம்மா. நானும் அப்படியே நம்பினேன். பல ஆண்டுகள் நம்பினேன்.

அந்தச் சோறுதான் கிளியைக் கொன்றது என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆறிப்போன சோற்றில் என்ன நடக்கிறது என்று பிற்காலத்தில் படித்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அது மண்ணில் வாழ்வது. அரிசியோடு அதன் வித்துக்களும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. சோற்றைக் கொதிக்க வைத்தாலும் அந்த வித்துக்கள் சாவதில்லை. சோறு மெல்ல மெல்ல ஆறி, வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. "சுடவைத்துத்தானே கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நமக்கு அது ஒருநாள் வயிற்றுவலியோடு போய்விடலாம். பச்சைக்கிளியின் எடை என்ன? ஏறக்குறைய 120 கிராம். 60 கிலோ எடையுள்ள மனிதனோடு ஒப்பிட்டால் ஐந்நூற்றில் ஒரு பங்கு. நாம் ஒரு சிட்டிகை என்று நினைக்கும் உப்பும் எண்ணெயும் அதற்குச் சிட்டிகை அல்ல. மேலும், கிளி தின்பது நேரே வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தடியில் உள்ள ஒரு பையில் ஈரத்தோடும் உடற்சூட்டோடும் சிறிது நேரம் தங்கிய பிறகே கீழே இறங்குகிறது. கெட்டுப்போகத் தொடங்கிய சோறு அங்கே தங்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போதாதற்கு, இந்தப் பறவைகள் நோயை மறைக்கும் குணமுடையவை. காட்டில் சோர்ந்து நிற்கும் பறவையைப் பருந்து குறிவைக்கும். ஆகையால் இயன்றவரை நலமாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்கு நோய் தெரியும் வேளையில் காலம் கடந்திருக்கும்.

நிற்க. நண்பரின் கேள்விக்கு வருவோம்.

மரத்தில் இருக்கும் கிளிக்கு நாம் எதை எறிந்தாலும் பெரிய கேடில்லை என்றே சொல்லலாம். பிடிக்காவிட்டால் அது கொத்தாது. பறந்து வேறு மரத்துக்குப் போய்விடும். நீண்டவால் கிளி என்று நம் நாட்டுக்கே உரிய ஒரு கிளி இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் பழம் கொத்த வரும். அதற்கு இன்று எது கிடைக்கும், எது ஒத்துக்கொள்ளும் என்பதை அதுவே பார்த்துக்கொள்கிறது. கூண்டுக் கிளிக்கு அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். அதற்கு வேறு மரமில்லை. நம் கை ஒன்றுதான் உண்டு. பசித்தால் நாம் வைத்ததைத்தான் தின்றாக வேண்டும்.

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். அவள்மீது சுமத்தப்பட்ட குற்றத்தை ஊன்றிப் பாருங்கள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானாகத் தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. இவ்விரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. அவிழ்த்து விட்டிருந்தால் ஊட்டும் கடமை அவளுக்கு இருந்திராது. கட்டியதால்தான் அந்தக் கடமை வந்தது. நான் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இன்னும் ஒருபடி மேலே போகிறேன்: ஊட்டும் கடமை வந்துவிட்டால், எதை ஊட்டுவது என்று அறிந்துகொள்ளும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. கதவுக்குத் தாழ் போட்டவன், உள்ளே இருப்பதற்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால், அந்த அறியாமை அவனே தேடிக்கொண்டது.

9 வயதுச் சிறுவனை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், சரி. அக்காலத்தில் எங்கள் கம்பத்தில் கேட்பதற்கும் ஆள் இல்லை. இன்று நம் கையிலுள்ள தொலைபேசியில் கேட்டாலே பதில் வருகிறது; பறவைகளுக்கென்றே படித்த வைத்தியர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர் "தெரியாது" என்றால், பெரும்பாலும் அது "கேட்க எனக்கு மனமில்லை" என்பதற்கு மறுபெயர். சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2014-இல் திருத்தப்பட்ட விலங்கு, பறவைச் சட்டமும், மலேசியாவில் 2015-இல் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பவரிடம் எதிர்பார்ப்பது தகுந்த உணவு. வெறுமனே வயிறு நிரப்பினால் போதும் என்று அவை விடவில்லை.

"நாம் தின்பதைத்தானே" என்றார் நண்பர். இங்கேதான் அன்பு வழி தவறுகிறது. நம் நாக்கை அளவுகோலாக வைத்து இன்னொரு ஜீவனின் வயிற்றை அளக்கிறோம். ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். கிளிக்குப் பச்சை மிளகாய் கொடுப்பதைக் கண்டு, "ஐயோ, எரியுமே" என்று பதறுகிறவர்கள் உண்டு. அதற்கு எரிவதேயில்லை. உறைப்பை உணரும் நரம்பின் வாயில் பறவைகளுக்கு நம்மைப்போல அமையவில்லை என்பதை 2002-இல் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். மாறாக, பனைவெல்லம் ஊற்றி நாம் ஆசையோடு குடிக்கிறோமே அவகாடோ சாறு, அந்தப் பழம் கிளியைக் கொல்லக்கூடியது. வெங்காயம், பூண்டு, காப்பி, சாக்லெட் இவையும் ஆகாதவை. நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத கறி ஏது? ஆகவேதான் அந்த நெய்ச்சோற்றைத் தடுத்தேன். இன்னும் சிலர் பாசம் மிகுந்து தம் வாயில் மென்று கிளியின் அலகில் ஊட்டுகிறார்கள். நம் எச்சிலில் உள்ள கிருமிகள் நமக்குப் பழகியவை, அதற்கு அல்ல.

ஆகவே தானியமே கொடுக்கக்கூடாதா என்றால், அப்படியன்று. வெந்த தானியம் கிளிக்கு நல்லதே. எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். கைக்குத்தல் அரிசி, பார்லி, கேழ்வரகு, தினை, மக்காச்சோளம் இவற்றில் ஏதாவது ஒன்றை நன்றாகக் கழுவி வெறும் தண்ணீரில் வேகவைக்கிறோம். உப்பில்லை, எண்ணெயில்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. சிவப்பு அவரை போட்டால், 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் கொதி குறையாமல் 30 நிமிடமாவது வேகவிடுவோம். அரைவேக்காட்டு அவரை பச்சை அவரையைவிடக் கொடியது. வெந்ததும் அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, அன்றைக்கு வேண்டியது போக மற்றதைச் சிறுசிறு பங்காக உறைபெட்டியில் வைத்துவிடுவோம். கிளிக்குக் கொடுப்பது ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் இல்லை. விரல் வைத்துப் பார்த்தால் சுடக்கூடாது. வைத்த கிண்ணத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவோம். குளிர்நாட்டு நூல்கள் இரண்டு மணி நேரம் என்கின்றன. நம் ஊர் வெக்கையில் அந்தக் கணக்கு உதவாது.

சமைக்கும் சட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் அதிலிருந்து எழும் ஆவி நம் மூக்குக்குக்கூடத் தெரியாது. பக்கத்து அறைக் கிளியை விரைவில் மாய்த்துவிடக்கூடும். நாங்கள் எவர்சில்வர் சட்டியோடு நின்றுவிட்டோம். தானியம் மட்டுமே போதும் என்றும் எண்ண வேண்டாம். அதில் ஏ வைட்டமின் மிகக் குறைவு. கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை இவையும், வைத்தியர் சொல்லும் உருண்டைத் தீனியும் வேண்டும்.

"பாட்டன் காலத்துக் கிளிகளெல்லாம் சோறு தின்றே வாழ்ந்தன" என்பார் சிலர். சிராங்கூன் சாலையில் சீட்டெடுத்த சோதிடக் கிளிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாழ்ந்த கிளிகளைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். செத்தவற்றுக்கு ஆயுள் முடிந்தது என்று சொல்லிப் புதைத்துவிட்டோம். நன்றாகப் பேணினால் பச்சைக்கிளி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பது எங்கள் வீட்டில் அப்போது யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் பிறகொரு நாள் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு அக்கறை இருந்தால் கூண்டைத் திறந்து விட்டுவிடுங்களேன், காக்கா" என்றார். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. வீட்டில் பிறந்து வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. திறந்து விடுவது இன்னொரு வகைக் கொலை. பிழைத்துக்கொண்டாலோ இந்நாட்டுப் பறவைகளுக்கு இடைஞ்சல். சிங்கப்பூர் அடுக்குமாடிகளைச் சுற்றி மாலையில் கூச்சலிடும் செம்மார்புக் கிளிகள் அப்படித்தான், கூண்டிலிருந்து தப்பியும் விடுபட்டும் பெருகியவை. ஆனால் பழைய தவற்றுக்குப் புதிய தவறு மருந்தாகாது என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் எனக்கு முடியவில்லை. இன்னொரு கிளி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அந்தச் செம்மார்புக் கிளிகள் மக்ரிபுக்குச் சற்றுமுன் எங்கள் மாடியைக் கடந்து கூட்டமாகப் போகும். எங்கள் கிளி கம்பியைப் பற்றிக்கொண்டு அவற்றுக்குப் பதில் குரல் கொடுக்கும். அந்த நேரத்தில்தான் என் பேரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, மாலைக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைப்பான். பார்லி பாதி மிஞ்சியிருந்தாலும் கொட்டிவிடுவான்.