சிறுவர் கதையும் வளர்ந்த வாசகரும்

சிறுவர்க்கென எழுதப்பட்ட கதையை வளர்ந்தவர் சுவைத்தல் அறிவு முதிராமையின் அடையாளம் என்பர் சிலர். டால்ஸ்டாய் இவ்வாறு கருதினாரல்லர். யாஸ்னயா பொல்யானாவிற் குடியானவச் சிறுவர்க்கு 1859இல் பள்ளி தொடங்கிய அவர், 'போரும் அமைதியும்' நாவலை 1869இல் முடித்தபின், 1872இல் அரிச்சுவடி எழுதி வெளியிட்டார். அம்முயற்சியிற் பிறந்ததே 'காக்கசஸ் கைதி' என்னும் கதை. பின்னர், 'கலை என்றால் என்ன?' என்ற நூலில், தம் படைப்புகளைத் தாழ்ந்த கலையென ஒதுக்கியபோது, அவர் விலக்களித்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று இக்கதை.

பெருநாவல்களை அவர் தள்ளியதை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: உழுபவன் மகனுக்கு விளங்கும் மொழி கற்றோர்க்கு ஏன் இழிவாகத் தோன்றவேண்டும்? எளிமையை இகழ்வதில் வயதின் செருக்கு மட்டுமன்று, வர்க்கத்தின் செருக்கும் ஒளிந்திருக்கிறது.

பொறுப்புகளை மறப்பதற்காகக் குழந்தைமைக்குள் ஒதுங்கும் வாசிப்பை நாம் ஆதரிக்கவில்லை. 'காக்கசஸ் கைதி' அத்தகைய புகலிடமன்று. பகைவர் ஊரிற் சிறைப்பட்ட ரஷ்ய அதிகாரிக்கு அவ்வூர்ச் சிறுமி தீனா உணவளிக்கிறாள், தப்பவும் உதவுகிறாள். பகைமையைக் கடக்கும் மனிதநேயத்தை அக்கதை காட்டுகிறது. போர்களை நடத்துவோர் சிறுவரல்லர், வளர்ந்தவர்களே. ஆகவே அக்கதை வளர்ந்தவர்க்கே பெரிதும் வேண்டும்.