ஆள் சல்லியம் இல்லாத இடம்

சித்தியின் ஆற்றங்கரை விளையை விற்றுவிடலாம் என்று முடிவானதும், புரோக்கர் அதற்குச் சொல்ல ஆரம்பித்த பெருமையைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. "ஆறு தொட்டுக் கிடக்கு சாரே. பக்கத்துல ஒரு வீடு கிடையாது. ஆள் சல்லியமே இல்ல." சல்லியம் என்றால் தொல்லை.

இத்தனை காலமும் அந்த விளையை யாரும் சீந்தாததற்குக் காரணமும் இந்த ஒதுக்குப்புறம்தான். வண்டி போகாத இடம். சித்தப்பாவின் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, வாசலுக்குக் கார் வராது என்று தெரிந்ததும் கைவிட்டுப் போனது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இடம் பார்க்க வருகிறவர் கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்பதற்கு முன்பே வழி உண்டா என்று கேட்பார். வழியில்லாத சென்ட்டை பாதி விலைக்குக்கூடத் தள்ள முடியாது. இப்போது அந்தக் குறையே விலையை ஏற்றிக் கொடுக்கிறது.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாவிலோ திருவனந்தபுரத்திலோ உழைத்து ஓய்ந்தவர்கள். கைபேசியில் அமெரிக்கப் பள்ளத்தாக்குகளின் பண்ணை வீடுகளைப் பார்த்திருக்கிறார்கள்: செம்பாறைகளுக்கு நடுவே ஓர் ஆறு, கரையில் ஒரே ஒரு வீடு, அடுத்த வீடு எங்கோ பல மைல் தள்ளி. இங்கே அதற்கு மண் ஏது? 2011 கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்கு மேல். 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தின்படி, எவ்வளவு பெரிய குடும்பமானாலும் 20 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ரப்பர், தேயிலை போன்ற தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே நம் ஊரில் தனிமை தானாகக் கிடைப்பதில்லை. மதில் கட்டி, கேட் போட்டு, நடக்கிறவரை நிறுத்தித்தான் அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது விளை. பத்திரத்தில் 78 சென்ட். சங்கிலி பிடித்தால் 70 தேறுவது சந்தேகம். மீதியை ஆறு எடுத்துக்கொண்டது. ஆறு என்று சொல்வதுகூடச் சரியில்லை, மணல் வாரியவர்கள் எடுத்தார்கள். அடிமணல் போனதும் கரை தானாக உட்கார்ந்துவிட்டது. ஆற்றங்கரைகளைக் காக்கவும் மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்தவும் கேரளம் 2001-ல் சட்டம் போட்டது. அதற்குள் பல இடங்களில் கரை சரிந்திருந்தது. எங்கள் விளையின் கடைசித் தென்னை, பாதி வேர் அந்தரத்தில் தொங்க, தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. அதில் இன்னும் தேங்காய் பிடிக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. நான்கு எல்லைகளில் ஒன்றாக 'நெய்யாறு' என்று பத்திரம் சொல்கிறது. அகஸ்திய மலையில் பிறந்து பூவாறில் கடலில் சேர்கிற ஆற்றை, ஒரு பக்கத்து வேலியாக எழுதிவைத்திருக்கிறோம்! 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறியபோது எங்கள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இடதுகரைக் கால்வாய் வழியாக எங்கள் பக்கத்து வயல்களுக்கு வந்துகொண்டிருந்த நெய்யாற்றுத் தண்ணீர் 2004-ல் நின்றுபோனது. தண்ணீர் வேண்டுகிறவனுக்குக் கிடைக்காத ஆறு, பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவனுக்கு விலைக்கு வருகிறது.

இதே கரையில் தனிமை தேடி வந்த ஒருவரை எண்ணிப் பார்க்கிறேன். ஸ்ரீநாராயண குரு, மருந்துவாழ்மலையில் தனித்திருந்தவர், பிறகு அருவிப்புறம் வந்து தங்கினார். அன்று அது காடு. அவர் ஒரு சென்ட் வாங்கவில்லை. தேடி வந்தவர்களை விரட்டவும் இல்லை. 1888 சிவராத்திரியில், நெய்யாற்றிலிருந்தே எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அந்த உரிமை தங்களுக்கு மட்டுமே என்று மேல்சாதியினர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஈழவராகப் பிறந்தவர் செய்த காரியம். அங்கே கூடிய கூட்டம்தான் வளர்ந்து 1903-ல் எஸ்.என்.டி.பி. யோகம் என்ற அமைப்பானது. தனிமை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. (திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தனிமை வேறு வகை. எதிரிகளுக்குத் தப்பி அவர் ஒளிந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரைக் கோயிலில் இருக்கிறது. உயிர்ப்பயம் வந்தால் ஒரு பலாமரப் பொந்தே போதும் போலிருக்கிறது.)

குருவைக் காட்டி வாங்க வருகிறவரைக் குறை சொல்வது எளிது. எனக்கும் அந்த ஆசை உண்டு. கல்யாண மண்டப ஒலிபெருக்கி, விடாமல் அடிக்கிற போன், எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிற சொந்தம் எல்லாவற்றிலிருந்தும் ஒரு மாதம் ஓடிப்போனால் என்ன என்று தோன்றாதவர் யார்? ஆனால் எனக்கு வேண்டியது என்னை யாரும் கூப்பிடாத ஒரு பொழுது. மனிதர் நடக்காத நிலம் அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டுதான் நாம் மதிலுக்குச் செங்கல் இறக்குகிறோம்.

சித்தி சித்தப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒற்றைக்கு இருந்தவர். விளைக்கு நடுவே கடவுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. பின்பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் துவைக்கவும் குளிக்கவும் அதில்தான் இறங்குவார்கள். போகிற போக்கில் மரச்சீனியில் எலி விழுந்ததைச் சொல்வார்கள், சாயா குடித்தாயிற்றா என்று கேட்பார்கள். ஒருநாள் காலையில் சித்தியின் கதவு திறக்காததைக் கண்டு தட்டியவள் அவர்களில் ஒருத்தி. உள்ளே சித்தி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். புரோக்கரின் கணக்கில் அந்தப் பெண்களும் 'சல்லியம்'.

வாங்க வந்தவருக்கு எல்லாம் பிடித்துவிட்டது, பாதையைத் தவிர. அதை அடைத்துத்தான் தர வேண்டும் என்றார். சித்தி சம்மதிக்கவில்லை. "ஆத்துக்குப் போறவள நான் எப்பிடி மக்களே தடுப்பேன்? வழிய எழுதி வச்சுத்தான் குடுப்பேன்." எழுதினால் விலை குறையும் என்றார் புரோக்கர். குறையட்டும் என்றுவிட்டார்.

பத்திரம் எழுதுகிறவர், வழி என்று மட்டும் போட்டால் நாளைக்கு வழக்கு வரும், அகலத்தை அடிக்கணக்கில் போட வேண்டும் என்கிறார். வாங்குகிறவர் மூன்றடிக்கு வந்திருக்கிறார். நான் நான்கடி கேட்கிறேன். தலையில் துணிமூட்டையோடு ஏறி வருகிறவளும் இறங்குகிறவளும் ஒருவருக்கொருவர் ஒதுங்க மூன்றடி போதாது.