வித்தையும் உரிமையும்

செப்படி வித்தைக்காரன் ஒருவன் நம் கண்ணெதிரே பந்தை மறைத்துக் காட்டுகிறான். நாம் வியக்கிறோம், கைகொட்டுகிறோம், காசும் கொடுக்கிறோம். மறுவாரம் வேறொருவன் வந்து, முதல்வன் புதிதாய்க் கண்டுபிடித்த அதே வித்தையை, அதே சொற்களோடும் அசைவுகளோடும் செய்து காசு பெறுவானாயின், அவன் செய்தது களவாகுமா? முதல்வனுடைய பந்தும் கிண்ணமும் அவனிடமே இருக்கின்றன. அங்ஙனமாயின் களவு போனது யாது? இக்கேள்வி விளையாட்டாகத் தோன்றினும், அறிவை ஆக்கியவனுக்கும் அதை எடுத்தாளுகிறவனுக்கும் இடையேயுள்ள நியாயம் யாதென்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

சட்டம் இதற்கு என்ன விடை கூறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1921-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லண்டன் நகரில் பி. டி. செல்பிட் என்பவர், ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் அடைத்து, அப்பெட்டியை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். பெண் யாதொரு ஊறுமின்றி வெளிவந்தாள். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹோரேஸ் கோல்டின் என்பவர், தலையும் கால்களும் பெட்டிக்கு வெளியே தெரியும்படி அவ்வித்தையை மாற்றி அமைத்து மேடையேற்றினார். 1923-ல் அதற்குப் பேட்டெண்ட் உரிமையும் பெற்றார். ஆனால் பேட்டெண்ட் வேண்டுவோர் தம் பொருளின் அமைப்பைப் படத்துடன் விளக்கி எழுதித் தர வேண்டும். அப்பத்திரத்தை யாவரும் படிக்கலாம். 1933-ல் கேமல் சிகரெட் விளம்பரமொன்று அவ்வித்தையின் மர்மத்தை ஊரறிய வெளியிட்டது. கோல்டின் வழக்காடினார், 1938-ல் தோற்றார். செல்பிட்டின் வித்தையைத் தழுவிக் கொண்டவர், தம் வித்தையைக் காக்க நாடிய பத்திரத்தாலேயே காவலிழந்து நின்றார். மர்மத்தையே மூலதனமாகக் கொண்ட தொழிலுக்கு, மர்மத்தைக் கொடுத்துவிட்டுக் காவலைப் பெற்றுக்கொள் என்று சட்டம் கூறுவது எத்துணை விந்தை!

பின்னாளில் வேறொரு வழியும் தோன்றிற்று. அமெரிக்கக் கலைஞர் டெல்லர், திரைமேல் விழும் ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்டுவார். குவளையிலுள்ள மெய்யான மலரின் இதழ்கள் உதிரும். இக்காட்சியை 1983-ல் அவர் ஊமை நாடகமாகப் பதிவு செய்தார். ஐரோப்பியர் ஒருவர் இதைப் போன்றதொரு காட்சியைப் படமாக்கி இணையத்தில் வெளியிட்டு, அதன் சூட்சுமத்தை விலைக்கு விற்க முற்பட்டபொழுது, டெல்லர் 2012-ல் வழக்குத் தொடுத்தார். 2014-ல் நியாயஸ்தலம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பு காத்தது நாடகக் காட்சியையே. வித்தையின் சூட்சுமத்துக்குத் தனியே பதிப்புரிமை இல்லை. சட்டம் ஆடையைக் காக்கிறது, உயிரைக் காப்பதில்லை. உயிரைக் காக்க வேண்டியது மனிதருடைய மனச்சான்றே ஆகும்.

நிற்க, அறிவு யாவர்க்கும் பொதுவன்றோ, அதை ஒளித்து வைப்பது தகுமோ என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். மருந்தின் பக்குவத்தைப் பெற்ற மகனுக்கும் சொல்லாமல் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன வைத்தியரை நாம் போற்றவில்லை. பிறப்பைக் காரணங்காட்டிக் கல்வியைப் பூட்டி வைத்த கொடுமையை நாம் மறக்கவுமில்லை. ஆனால் "நீ கற்கவே கூடாது" என்று தடுப்பது வேறு. "என்னைக் கேட்டுக் கற்றுக்கொள், என் உழைப்பை மதி" என்று கோருவது வேறு. முன்னது அநீதி, பின்னது கூலி. மருந்தை மறைத்தால் நோயாளி மாள்வான். ரோஜாவின் சூட்சுமத்தை மறைத்தால் எவனுக்கும் யாதொரு தீங்குமில்லை.

அங்ஙனமாயின் மோசக்காரரின் தந்திரத்தை வெளிப்படுத்துவதும் குற்றமாகுமோ? ஆகாது. ஹூடினி என்னும் பெயர்பெற்ற வித்தைக்காரர், இறந்தோருடன் பேசுவதாகக் கூறி ஏமாற்றியோரின் சூழ்ச்சியை 1920-களில் அம்பலப்படுத்தினார். அவரே தம் நீர்ப்பெட்டி வித்தையைப் பிறர் கவராதபடி நாடகமாகப் பதிவு செய்து காத்துக்கொண்டவர். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. "இது தந்திரம்" என்று ஒப்புக்கொண்டு நம்மை மகிழ்விப்பவன் நமக்கு யாதொரு கடனும் பட்டவனல்லன். "இது தெய்வ சக்தி" என்று கூறிப் பணம் பறிப்பவனே விளக்கங்கூறக் கடமைப்பட்டவன்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முறை மிக எளியது. பழைய செப்படி வித்தையைப் போல எவன் ஆக்கினான் என்றறியாத பொதுச் சொத்தை யாவரும் கற்கலாம். இன்னார் ஆக்கியது என்று தெரிந்ததை அவர் இசைவு பெற்றுச் செய்ய வேண்டும். மேடையில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதைத் திருத்திப் புதுக்கினாலும், வேர் யாருடையது என்பதை மறைக்கலாகாது. இம்முறை வித்தைக்கு மட்டும் உரியதன்று. பாட்டுக்கும், நாடகத்துக்கும், கட்டுரைக்கும் பொருந்தும்.

இறுதியாக, பார்ப்போருக்கும் இதில் பங்குண்டு. நாம் கொடுக்கும் காசே போலியை வளர்க்கிறது. தோட்டத்துக் கொட்டகையிலாயினும் பட்டணத்து மண்டபத்திலாயினும், "இதை ஆக்கியவர் யார்?" என்று ஒரு சொல் கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டாகுமாயின், நியாயஸ்தலங்கள் காக்க இயலாததை நாமே காத்தவராவோம். பால் மரத்தில் வெட்டியவன் ஒருவன், கூலி வாங்கியவன் மற்றொருவன் என்றால் நாம் பொறுப்போமா? மூளையின் உழைப்புக்கும் நியாயம் அதுவே.