வெறுநிலமும் புண்ணியமும்

கோயில் கட்டுவிப்பது புண்ணியம் என்பதில் நம்மவருள் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், குழந்தைகள் ஓடியாடுவதற்கும் வயோதிபர் பின்னேரங்களில் உட்கார்ந்து காற்று வாங்குவதற்குமாக ஒரு துண்டு நிலத்தை ஒன்றும் கட்டாமல் விட்டுவைப்பதும் அதே வரிசையில் வைத்தெண்ணத்தக்க புண்ணியந்தானா என்று கேட்டால், பெரும்பாலோர் அது மாநகர சபையின் காரியம் என்று சொல்லி நகர்ந்துவிடுவர். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கும் நமக்கு இது சமயத்தைப் பற்றிய கேள்வியே என்பது என் துணிபு.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் பின்னேரம் ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். முற்றமும் மாமரமும் கொண்ட தனி வீடுகள் இருந்த காணிகளில் இன்று தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர் என்று மண்ணை நுணுக்கி அளந்து விற்கும் ஊரில், ஒரு பேர்ச்சையேனும் சும்மா விட எவருக்கும் மனம் வருவதில்லை. பிள்ளைகள் பழைய எண்ணெய்த் தகரத்தை விக்கெற்றாக நிறுத்தி, ரெனிஸ் பந்தால் ஆடுகிறார்கள்; முச்சக்கரவண்டி வரும்போதெல்லாம் மதிலோடு ஒதுங்கி நின்று, அது போனபின் மறுபடி தொடங்குகிறார்கள். பந்து மதிலுக்கு அப்பால் விழுந்தால் அடித்தவன் ஆட்டமிழந்தான் என்பது இடமின்மையால் அவர்களே வகுத்துக்கொண்ட சட்டம். தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்குள் போனால் காவலாளி விரட்டுகிறார். கடற்கரைக்குப் போவதென்றால் புகையிரதப் பாதையைக் கடக்கவேண்டும், எந்தத் தாய் துணிந்து அனுப்புவாள்? கொட்டாஞ்சேனையிலோ ஒழுங்கைகள் இதனினும் ஒடுக்கமானவை.

நம் முன்னோர் அறச்செயல்களை இஷ்டம், பூர்த்தம் என இருவகையாகப் பகுத்தனர். வேள்வி முதலான வைதிக கர்மங்கள் இஷ்டம்; கிணறும் குளமும் தோண்டுதல், ஆலயம் எழுப்புதல், அன்னமிடுதல், சோலை அமைத்தல் என்பன பூர்த்தம். ஆலயமும் சோலையும் ஒரே மூச்சில் ஓதப்பட்டிருக்க, ஆலயத்தையும் அன்னதானத்தையும் மட்டும் கைக்கொண்டு, சோலையை எவ்வாறு கைவிட்டோம் என்பது சிந்திக்கத்தக்கது. சோலையும் வனமும் வைத்தவர்களுக்கு இரவும் பகலும் புண்ணியம் பெருகிக்கொண்டிருக்கும் என்று சம்யுத்த நிகாயத்தில் புத்தர் போதிக்கிறார்; ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் வாக்கு. விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் கொட்டாஞ்சேனைக்கு இவற்றைப் புதிதாக எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.

எனினும் சைவர்களாகிய நமக்கு இவ்விஷயத்தில் ஒரு விசேஷ கடமை உண்டென்று கருதுகிறேன். பொன்னம்பல முதலியார் நிறுவி, அவருடைய புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாலே புதுக்கிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் கொழும்பின் வடபால் நிற்கின்றது. அம்மூர்த்தியின் திருநாமம் நம்மைத் தில்லையாகிய சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்வது. பஞ்சபூதத் தலங்களுள் ஆகாயத் தலமாகிய அங்கே திரையை விலக்கிக் காட்டப்படும் இரகசியம் உருவமொன்றுமில்லாத வெளியே. வெளியைத் தெய்வமென்று கும்பிடும் மரபில் வந்த நாம், கண்ணெதிரே கிடக்கும் வெளியையெல்லாம் சீமெந்தால் நிரப்பிவிட்டுத் திருநீறு பூசிக்கொள்வது பொருந்துமா?

‘விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பூங்காவுக்கு வருபவன் கடவுளை நினைத்தா வருகிறான்?’ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயின், யாதொரு குறையும் தேவையும் இல்லாத இறைவன் உலகைப் படைப்பானேன் என்ற வினாவுக்கு, அது அவனுக்கு வெறும் லீலை என்று பிரம்ம சூத்திரம் விடை கூறுகிறது. ஐந்தொழிலையும் கூத்தாகவே கண்டது நம் சைவம். பயன் கருதாத செயலை யோகிகள் வருந்தித் தேடுகிறார்கள். குழந்தைக்கோ அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. குழந்தைகளும் வெற்றிக்காகச் சண்டை பிடிக்கின்றனவே எனலாம். பிடிக்கின்றன, ஆனால் மறுநாள் பின்னேரம் அந்தக் கணக்கை எவரும் எடுத்து வைப்பதில்லை. பொலிஸ்காரனும் நீதிபதியும் இன்றி, தாமே இட்ட விதிக்குத் தாமே கட்டுப்பட்டு, ஆட்டமிழந்ததும் துடுப்பை மற்றவன் கையில் கொடுத்துவிட்டு விலகும் அந்தப் பழக்கத்தைவிடச் சிறந்த தர்ம போதனையை நான் அறியேன்.

சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆந் திகதி கொழும்பில் வந்திறங்கினார். கொட்டாஞ்சேனையில் ஒரு மேடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இங்கிருந்து சென்ற சில வாரங்களில் சென்னை இளைஞருக்கு அவர் கூறியது, கீதை படிப்பதைக் காட்டிலும் பந்தாடுவதால் சுவர்க்கத்துக்குக் கிட்டப் போகலாம் என்பதே. அவர் பெயரைச் சபைகளுக்குச் சூட்டிய நாம், அந்த வாக்கியத்துக்கு ஒரு மைதானமாவது கொடுத்திருக்கவேண்டும்.

தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், 1856இல் தொடங்கி 1859இல் முடித்த காலிமுக நடைபாதையை, கொழும்பின் மாதர்களையும் குழந்தைகளையும் முன்னிட்டுப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டிக் கல்லிலே எழுதிவைத்துப் போனார். 1921இல் நகரத் திட்டவியலாளர் பற்றிக் கெடிஸ் இந்நகருக்குத் திட்டம் வகுத்தபோது, இதனை ஒரு தோட்ட நகரமாகவே கண்டார். அந்நியர் இருவர் நம் பிள்ளைகளுக்காக இவ்வளவு எண்ணியிருக்கின்றனர்.

இன்னொன்று. 1983 ஆடியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழருக்கு நேர்ந்த வன்செயலை மறந்தவர் இங்கு இல்லை. அதன்பின் நெடுங்காலம் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வளர்த்தோம். அது அச்சத்தால் வந்த வழக்கம், குற்றமாகாது. ஆனால் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவன் பந்தை மற்றவன் பிடிப்பதற்கு இடமே இல்லாத நகரில், நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் எத்தனை பேசினாலும் அது பெரியவர்களின் பேச்சாகவே நின்றுவிடும்.

ஆகவே ஆலய தர்மகர்த்தாக்களையும், தொடர்மாடி எழுப்பும் தனவந்தர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொண்டுவரும் அன்பரிடம், ஒரு பங்கை இருபது பேர்ச் வெறுநிலத்துக்கு ஒதுக்குமாறு சொல்லுங்கள். அதில் இரண்டு வேப்பமரமும் நான்கு வாங்கும் போதும். கொடுத்தவர் பெயரை வாயிலில் பொறித்துக்கொள்ளலாம். வேறொன்றையும் அங்கே கட்டாதிருங்கள்.