ஒளிப்படமும் மெய்ம்மையும்: சிலந்தி முளையத்தை முன்வைத்து

கண்ணாற் கண்டதே மெய் என்னும் நம்பிக்கை மனிதரிடத்து ஆழ வேரூன்றியதாகும். இந்நம்பிக்கையே ஒளிப்படத்திற்குச் சாட்சியின் தகுதியை அளித்தது. ஓவியனின் கை பொய் கூறலாம். கருவி பொய் கூறாது என்பது பொதுவான கருத்து. ஆயின், பிறரால் நேரிற் காணவியலாத ஒன்றைப் படம்பிடிப்பவர் அப்பிறருக்கு எத்தகைய கடமையுடையவர் என்னும் வினா கருவியினால் தீர்க்கப்படுவதன்று. சிலந்தி முளையத்தின் தொடக்க வளர்ச்சியை நுணுக்குக்காட்டியினூடாகப் படம்பிடிக்கும் முயற்சி இவ்வினாவைத் தெளிவுபடுத்தவல்லது.

முளையவியலாளரின் முதற் சான்று ஓவியமே. சிலந்தி முளையத்தில் தோன்றும் சிறு கலத்திரளை 1862இல் விவரித்த சுவிற்சர்லாந்து அறிஞர் கிளப்பறேட், தாம் கண்டதை வரைந்தே காட்டினார். ஓவியத்தை நம்புவதன் ஆபத்தும் விரைவில் வெளிப்பட்டது. பின்னாளில் இலங்கைக்கு வந்து பயணநூல் எழுதிய ஜேர்மானிய விலங்கியலாளர் ஏணஸ்ற் ஹெக்கல் 1868இல் வெளியிட்ட நூலொன்றில், நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் முளையங்களென மூன்று படங்கள் இடம்பெற்றன. மூன்றும் ஒரே அச்சுக்கட்டையிலிருந்து பெறப்பட்டவை என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. முளையங்களின் ஒப்புமையை நிறுவ வந்த படங்கள், நிறுவவேண்டியதை முன்னரே தமக்குள் கொண்டிருந்தன.

ஒளிப்படக் கருவி இக்குறையை நீக்கிவிட்டதாகத் தோன்றலாம். இன்று ஆய்வுகூடங்களிற் பெரிதும் பயன்படும் வீட்டுச் சிலந்தியொன்றின் முட்டை ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் விட்டமுடையது. முட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணெயில் இட்டதும் அதன் கோது தெளிவடைகின்றது. உள்ளே நிகழும் வளர்ச்சியை உயிருடனேயே தொடர்ந்து படம்பிடிக்கலாம். கிளப்பறேட் கண்ட கலத்திரள் முளையத்தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதை அப்படங்கள் காட்டுகின்றன. அதுவரை எப்பக்கமும் ஒத்திருந்த முளையத்தில் முதுகுப்புறம் எதுவென்பது அந்நகர்வினாலேயே தீர்மானமாகின்றது.

எனினும், படத்தொடர்கள் யாவும் இவ்வாறு அமைவனவல்ல. உருண்டையான முட்டையின் ஒரு மெல்லிய தளமே ஒருவேளையிற் கூர்மையாகத் தெரியும்; எனவே, பல ஆழங்களில் எடுத்த படங்கள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. அவ்விணைப்பை எக்கண்ணும் ஒருங்கே கண்டதில்லை. கலங்களைப் பிரித்தறியச் சாயமூட்டுவதற்கு முளையம் பெரும்பாலும் கொல்லப்பட்டுப் பதப்படுத்தப்படுகின்றது. ஆகவே, ஓருயிரின் வளர்ச்சிபோல வரிசையாக நிற்கும் படங்கள் உண்மையில் இறந்துபட்ட வெவ்வேறு முளையங்களுக்கு உரியனவாகலாம். திரிந்து வளர்ந்தவை அவ்வரிசையிலிருந்து விலக்கப்பட்டிருக்கவுங் கூடும்.

இவையெல்லாம் பொய்யாகுமா எனின், ஆகா. தெரிவின்றி அறிவு இல்லை. தெரிவு குற்றமன்று, தெரிவை மறைத்தலே குற்றம். ஹெக்கலின் தவறு ஒரு படத்தை வரைந்ததன்று. ஒன்றை மூன்றென நிறுத்தியமையே. பலவற்றை ஒன்றென நிறுத்தும் ஒளிப்படத்தொடரும், அவ்வாறு செய்தமையைக் கூறாவிடின், அதே தவற்றின் மறுபுறமாகிவிடும்.

செய்முறையை விரித்துரைத்தல் படத்தின் வலிமையைக் குறைக்கும் எனச் சிலர் கருதலாம். உண்மை இதற்கு மாறானது. 1952இல் சுவீடன் அறிஞர் ஓக்கே ஹோம் வேறொரு சிலந்தியினத்தில் அக்கலத்திரளை எடுத்து முளையத்தின் பிறிதோர் இடத்திற் பதித்தபோது, இரண்டாவது உடலச்சு உருவாகக் கண்டார். செவ்விய உருவை மட்டும் நாடுவோர் வீசியெறியக்கூடிய அவ்விரட்டை முளையமே, எவ்வாறு தோன்றிற்று என்பது கூறப்பட்டமையால், கலத்திரளின் பணியை உணர்த்தும் சான்றாயிற்று.

நுணுக்குக்காட்டியை அணுகும் வாய்ப்புப் பெற்றோர் சிலர். அவர் காட்டுவதை நம்புவோர் பலர். அந்நம்பிக்கை கடனாகப் பெறப்பட்டதாகும். எத்தனை முளையங்கள், அவை எவ்வாறு இணைக்கப்பட்டன, எவை விலக்கப்பட்டன எனப் படத்தின்கீழ் எழுதப்படும் சில வரிகளே அக்கடனைத் தீர்ப்பன. வில்லையின் தெளிவு பொருளைக் காட்டும்; அதன் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்க வேண்டியது மனிதனின் சொல்லேயாகும்.