விசுவாசம் யாருக்கு?

சுங்கை பூலோ தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியில் இருந்தபோது சூப்பர்வைசர் அண்ணன் சொன்னார்: "அதிகாரிங்க சோதனைக்கு வந்தா, முதல்ல வாட்ஸ்அப் குரூப்பை அழிச்சிரு தம்பி." சம்பளம் தரும் இடத்துக்கு விசுவாசம் தர்மம்தானே என்று தலையாட்டிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் நாட்டின் 2010 போட்டிச் சட்டப்படி, போட்டி ஆணைய அதிகாரிகள் வாரண்டுடன் வந்து கணினியையும் பார்க்கலாம். வாரண்டை வாசிக்கலாம், வக்கீலைக் கூப்பிடலாம், எடுத்துப்போகும் பொருளுக்குப் பட்டியல் கேட்கலாம். அது நம் உரிமை. ஆவணத்தை அழிப்பது குற்றம்.

அமெரிக்காவில் என்ரான் விசாரணையின்போது ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனத்தில் கட்டுக்கட்டாகக் காகிதங்களைக் கிழித்தார்கள். 2002-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் திரும்பி எழ நிறுவனமே இல்லை. கிழிக்காதவர்களின் வேலையும் சேர்ந்து போயிருந்தது. அப்படியென்றால் அந்த விசுவாசம் யாரைக் காப்பாற்றியது?

மறுநாள் அண்ணனிடம், "என்னால அழிக்க முடியாதுண்ணே" என்றேன். அவர் பேசவில்லை. சாயங்காலம் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்.

அதிகாரி வாசலில் நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. 'எதையும் அழிக்காதே' என்று கம்பெனிதான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாத இடத்தில், நாம் முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்க வேண்டும்.